ஊர் பெயர் இருக்கு... ஆள் பெயர் எங்கே?

ஒருவர் பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பகுதியில் இருந்த பெயரை யாரோ எப்போதோ சுரண்டிவிட்டார்கள். இரண்டு பிக்அப், நான்கைந்து ஸ்விட்ச், ஒரு கம்பி அறுந்து தொங்குகிறது. விற்றவருக்குத் தெரிந்ததெல்லாம் "ஃபாரின் ஐட்டம் சார்" என்பது மட்டும்தான். வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்? வாசிக்க மாட்டார். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்!

"இதைச் செய்தது யார்?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பொருளைக் கழற்றிப் போட்டுப் பார்க்கிற பிடிவாதம் இருக்கிறதே, அதில் கால்வாசிகூட பத்தமடைப் பாய்க்குக் கிடைக்கவில்லை. இங்கே சண்டையே அதற்காகத்தான். கிடாருக்கும் பாய்க்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இருக்கிறது.

கிடாரைக் கழற்றினால் என்ன கிடைக்கும்? கழுத்தை உடம்போடு பிடித்திருக்கும் தகட்டில் சில சமயம் ஒரு எண் இருக்கும். வால்யூம் குமிழுக்கு அடியில் பொட்டென்ஷியோமீட்டர் என்று ஒரு சின்னத் தகர டப்பி. அமெரிக்கக் கிடாராக இருந்தால் அதன் முதுகில் ஆறேழு இலக்கம் குத்தியிருப்பார்கள். உதாரணத்துக்கு 1376633. இதில் 137 என்பது சி.டி.எஸ். என்ற உதிரிபாக நிறுவனம். 66 என்பது 1966. கடைசி 33 அந்த வருஷத்தின் 33-ஆவது வாரம். ஆக, அந்தத் தகர டப்பி 1966 ஆகஸ்ட் நடுவில் பிறந்தது. அதை யாரும் பிற்பாடு மாற்றவில்லையென்றால், கிடார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 137-க்குப் பதில் 304 இருந்தால் ஸ்டாக்போல் என்ற வேறு நிறுவனம். போலீஸ் நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி, எண்ணிலிருந்து எண்ணுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு தடயம் பிக்அப். உதட்டுச்சாயக் குழாய் மாதிரி பளபளவென்று உருளையாக இருந்து, உடம்பின் மேல்பலகை நல்ல மரமாக இல்லாமல் மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையாக இருந்தால், சந்தேகமே வேண்டாம், அனேகமாக டேன்எலெக்ட்ரோ. நியூ ஜெர்சியில் நேதன் டேனியல் 1947-இல் ஆரம்பித்த கம்பெனி. தலையில் மட்டும் "சில்வர்டோன்" என்று எழுதியிருக்கும். சில்வர்டோன் என்று ஒரு தொற்சாலையே கிடையாது. சியர்ஸ் என்ற மாபெரும் கடை, தான் விற்ற வாத்தியங்களுக்கு ஒட்டிய பெயர் அது. அதே பெயரில் டேன்எலெக்ட்ரோ செய்ததும் உண்டு, ஹார்மனி செய்ததும் உண்டு, கே செய்ததும் உண்டு, ஜப்பானில் டீஸ்கோ செய்ததும் உண்டு. ஒரே பெயர், நாலு அப்பன்!

1960-களின் ஜப்பான் கிடார்கள் இதைவிடப் பெரிய கூத்து. டீஸ்கோ, குயாடோன், கவாய் மாதிரியான தொழிற்சாலைகள் செய்து கப்பலில் ஏற்றும். அமெரிக்காவில் இறக்குமதி செய்பவர் கென்ட் என்றோ கிங்ஸ்டன் என்றோ தனக்குப் பிடித்த பெயரைத் தலையில் ஒட்டுவார். 1967-இல் டீஸ்கோவையே கவாய் வாங்கிவிட்டது, குழப்பம் இரட்டிப்பு. இவ்வளவுக்கும் நடுவில், தலையின் வளைவையும், ஸ்விட்ச் வரிசையையும், தகட்டில் திருகாணி போடும் இடத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, "இது இன்ன தொழிற்சாலை, இன்ன வருஷம்" என்று சொல்கிற கிறுக்கர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். ரொம்ப நல்ல கிறுக்கு அது.

சரி, பெயர் ஏன் காணாமல் போனது? தானாகத் தொலைந்துவிட்டதா? இல்லவே இல்லை. வேண்டுமென்றே எடுத்தார்கள். பி.காம். படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: கிடார் பிடித்துப்போனவன் அடுத்த கிடாருக்குத் தொழிற்சாலையைத் தேடிப் போய்விட்டால் கடைக்காரனுக்கு என்ன மிச்சம்? அவன் திரும்பவும் கடைக்கே வர வேண்டும். அதற்குக் கடையின் பெயர்தான் பொருளில் இருக்க வேண்டும், செய்தவன் பெயர் இருக்கக் கூடாது. மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு "பிரைவேட் லேபிள்" என்று மரியாதையான பெயர் உண்டு. இரண்டு மார்க் கேள்வி.

சட்டமும் இதற்குத் துணை நின்றது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் 1930-ஆம் வருஷத்துச் சுங்கவரிச் சட்டம், 304-ஆவது பிரிவு. வெளிநாட்டுச் சரக்கின் மேல் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் அந்தத் தகடுகளில் "ஜப்பான்" இருக்கிறது. எந்த நாடு என்று மட்டும்தான் அந்தப் பிரிவு கேட்டது, யார் செய்தது என்று கேட்கவில்லை. கேட்காததை எவன் எழுதுவான்?

இப்போது அந்த "ஜப்பான்" தகட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் சேரன்மாதேவி பஸ் ஏறுங்கள்.

பத்தமடையில் இறங்கி ஒரு கடையில் போய், விரித்து வைத்த பாயைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பாயாக இருந்தால் கோரைப்புல் என்று கை நம்பாது, துணி மாதிரி மடியும். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை அறுத்து, காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மயிரிழையாக்கி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். ரொம்ப உசத்தியானதற்குப் பட்டு நூலில் பாவு ஓட்டுவதும் உண்டு. 100 கவுண்ட்டைத் தாண்டிய பாய்தான் நுண்பாய். கவுண்ட் ஏற ஏற நெருக்கம் ஏறும், மென்மை ஏறும், விலையும் ஏறும். ஒரு நுண்பாய் முடிய நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு ஆகும். வழிவழியாக லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில். தறி வீட்டுக்குள்தான். தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அந்தக் கடையில் போய் "பாய், இந்தப் பாயை நெஞ்சது யாரு?" என்று கேட்டால் (முதல் பாய் வேறு, இரண்டாவது பாய் வேறு :-) ) பெரும்பாலும் என்ன பதில் வரும்? "எல்லாம் நம்மூரு பொம்பளையாளுவதான் நெய்யுதாவ."

உண்மைதான், பொய்யில்லை. ஆனால் "ஜப்பான்" என்ற தகடும் இப்படித்தானே உண்மையைச் சொன்னது?

பத்தமடைப் பாய்க்கு 2012-13-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைகளில் வந்தது, எல்லோரும் பெருமைப்பட்டோம், பட வேண்டியதுதான். அந்தக் குறியீட்டால் ஒரு நல்லது நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டிய கோரைப்பாயைப் "பத்தமடை" என்று சொல்லி விற்றால் இப்போது கேள்வி கேட்கலாம். சாதாரணக் கிடாரின் தலையில் ஃபெண்டர் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிற ஆசாமிகள் இருக்கிறார்களே, அந்த மாதிரித் திருட்டுக்கு அது பூட்டு. ஆனால் பூட்டு தெருவாசலில் தொங்குகிறது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் வேலை இல்லை.

சந்தேகம் இருந்தால் 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீடுகள் சட்டத்தையே எடுத்துப் படியுங்கள். (அமலுக்கு வந்தது 2003 செப்டம்பரில். பதிவகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.) அதன் 2-ஆவது பிரிவில் "உற்பத்தியாளர்" என்றால் யார் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கைவினைப் பொருளென்றால் அதைச் செய்கிறவர் உற்பத்தியாளர். இதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் வாக்கியம் அங்கே முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அந்த உற்பத்தியில் வியாபாரம் செய்கிறவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. அதாவது, தறியில் முதுகு ஒடிய உட்கார்ந்த பெண்ணும் உற்பத்தியாளர். அவரிடம் வாங்கி விற்கிறவரும் உற்பத்தியாளர். சட்டத்தின் கண்ணில் இரண்டு பேரும் ஒன்று. சியர்ஸ் கடைக்காரர் படித்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார், இவ்வளவு நாள் இது தெரியாமல் போச்சே என்று.

அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி நெய்கிறவர் தனியாக விண்ணப்பித்து "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" ஆகலாம். பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் பெயர் ஏறும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவேடு கிண்டியில் இருக்கிறது, பாய் உங்கள் வீட்டுத் தரையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கிற ஒரு எண், ஒரு எழுத்து பாயில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஆலையில் அச்சடித்த தகர டப்பிக்கு வாரக்கணக்கில் ஜாதகம் இருக்கிறது. போன மாசம் பத்தமடையில் அறுத்த பாய்க்கு இல்லை.

"பாயில் எப்படிங்க பெயர் போடுவது? அது என்ன பித்தளைப் பாத்திரமா, வெட்டித் தருவதற்கு?"

இந்தக் கேள்வியைப் பத்தமடைக்காரர் யாரும் கேட்க மாட்டார். ஏனென்றால் அந்த ஊரின் கல்யாணப் பாய் உலகப் பிரசித்தம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி எல்லாவற்றையும் பாயிலேயே, கோரையிலேயே, எழுத்தெழுத்தாக நெய்து தருகிறார்கள்! அந்த எழுத்தைக் கோத்த விரல்கள் யாருடையவை? மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. அந்தப் பெண்மணி தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பெயர்களை நெய்திருக்கலாம். தன் பெயரைத் தவிர. தொழில்நுட்பம் இல்லை, இடம் இல்லை, எழுத்து வராது என்ற சாக்கெல்லாம் இந்தப் பாயின் முன்னால் நிற்காது. வாங்குகிறவன் பெயரை நெய்ய முடிகிறது. நெய்கிறவள் பெயரை ஏன் நெய்ய முடியாது?

1953-இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் சொல்வார்கள். பத்தமடையைப் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அது வந்துவிடும். அதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அடுத்த மூச்சில் நெய்தவர் பெயரையும் சொல்வார்கள், எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் எதிரிகள் இல்லை, ரசிகர்கள். அதனால்தான் இவர்களோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். "பெயர் தெரியாத அந்தக் கைகள்...", "புகழ் தேடாத எளிய மனிதர்கள்..." என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் உருகுவார்கள். புகழ் தேடவில்லை என்று இவர்களிடம் யார் சொன்னது? கேட்டார்களா? பெயர் தெரியாதது அந்தப் பெண்ணின் குணம் இல்லை. விற்பனை நடக்கிற முறையின் விளைவு. அதைப் போய் அடக்கம், துறவு, மண்வாசனை என்று வர்ணிப்பது, சம்பளம் கொடுக்காமல் "அவருக்குப் பணத்தாசையே கிடையாது" என்று பாராட்டுவதைப் போலத்தான்.

பெயர் என்ன, வெறும் பெருமையா? கலிபோர்னியாவில் ஃபெண்டர் தொழிற்சாலைக்கே போவோம். 1950-களில் அங்கே கழுத்து செதுக்கிய தடேயோ கோமஸ் என்ற தொழிலாளி, கழுத்தின் அடிக்கட்டையில், உடம்புக்குள் மறைந்துபோகும் இடத்தில், "டி.ஜி." என்று எழுதித் தேதி போட்டார். 1956-இல் அங்கே சேர்ந்த அபிகெய்ல் இபாரா என்ற பெண் பிக்அப்புக்குச் செம்புக் கம்பி சுற்றினார். சுற்றி முடித்ததும் அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதினார். விருது வாங்கவா? இல்லை. ஒரு பிக்அப் சரியில்லை என்று திரும்பி வந்தால் யார் சுற்றியது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது பொறுப்புக் கணக்கு. ஆனால் வருஷங்கள் போகப் போக, பழைய கிடாரைக் கழற்றிப் பார்த்த கிறுக்கர்கள் அந்த எழுத்துகளைக் கண்டுபிடித்தார்கள். "இந்த அம்மா சுற்றினதா?" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். இபாரா 2013-இல் ஓய்வு பெற்றபோது அவர் கை பட்ட பிக்அப்புக்குத் தனி விலை. கம்பெனியே அவர் பெயரைச் சொல்லி விற்றது! அரைநூற்றாண்டுக்கு மேல் கம்பி சுற்றிய ஒரு தொழிலாளப் பெண். எழுதி வைத்தது இரண்டே இரண்டு எழுத்து.

நல்ல நெசவாளியின் பாயும் சுமாரான பாயும் ஒரே "பத்தமடை" முத்திரையில், ஒரே கட்டில் விலைபோனால், நல்ல நெசவாளிக்கு நன்றாக நெய்ய என்ன அவசியம்? அவர் மகளுக்குத் தறியில் உட்கார என்ன அவசியம்? அந்த மாவட்டத்தில் பெண்களுக்கு இன்னொரு வேலை எப்போதும் பக்கத்திலேயே இருந்தது: பீடி. பீடி சுற்றியவர்களுக்காவது 1976-ஆம் வருஷத்து நல நிதிச் சட்டத்தின் வழியாக அடையாள அட்டை என்று ஒன்று கைக்கு வந்தது. பீடியை எவனோ ஊதிவிட்டுப் போகிறான், அதைச் சுற்றியவருக்கு அட்டை இருந்தது. கல்யாணமாகி முப்பது வருஷம் வீட்டில் கிடக்கிற பாயை நெய்தவர்?

"ஒரு பாய் ஒருத்தர் வேலை இல்லீங்களே" என்பார்கள். கோரை அறுப்பவர் ஒருவர், கீறுபவர் ஒருவர், சாயம் போடுபவர் ஒருவர், யார் பெயரைப் போடுவது என்று. நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. கிடாரையும் ஒருத்தர் செய்யவில்லை. இபாரா மரம் அறுக்கவில்லை, கோமஸ் கம்பி சுற்றவில்லை. அவரவர் செய்த இடத்தில் அவரவர் எழுதினார்கள். சினிமாவில் லைட் பிடித்தவர் பெயர் வரைக்கும் ஓடுகிறது, யாரும் எழுந்து போய் "கூட்டு முயற்சி, டைரக்டர் பெயர் வேண்டாம்" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம் மரபில் செய்தவர் பெயரைச் சொல்வதே வழக்கமில்லை என்பதும் கட்டுக்கதை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. அங்கே ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரைக்கூட, வீட்டு வரிசையோடு, ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாகஸ்வரம் செய்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயர் இன்றைக்கும் நாகஸ்வரக்காரர்கள் வாயில் இருக்கிறது. ஏன் இருக்கிறது? வாசித்தவர் நேராகச் செய்தவர் வீட்டுக்குப் போனார். நடுவில் கடை இல்லை. கடை வந்த இடத்தில் எல்லாம் பெயர் போயிருக்கிறது, ஜப்பானிலும் சரி, பத்தமடையிலும் சரி.

கடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடை இல்லாமல் அந்தப் பாய் சென்னைக்கும் டெல்லிக்கும் எப்படிப் போகும்? கடைக்காரர் அவர் பெயரையும் போடட்டும், பெரிதாகவே போடட்டும். கேட்பது ஓரத்தில் ஒரு விரல்கடை இடம்.

ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு: காஷ்மீரில் கையால் முடிச்சுப் போடும் கம்பளங்களுக்கு 2022-இல் கியூ.ஆர். குறியீடு கொண்டுவந்தார்கள். போனைக் காட்டினால் புவிசார் குறியீட்டு விவரத்தோடு கைவினைஞர் விவரமும் வருகிற மாதிரி ஏற்பாடு. கம்பளத்துக்கு முடிந்தது பாய்க்கு முடியாதா? அதுவும் வேண்டாம், இருப்பதையே பயன்படுத்தலாம். மத்திய ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்களுக்கு "பெஹ்சான்" என்று ஒரு அட்டை கொடுக்கிறது. அந்த ஹிந்திச் சொல்லுக்கு அர்த்தமே "அடையாளம்". அட்டையில் எண் இருக்கிறது. அரசாங்கத்துக்கு அவரைத் தெரியும், வாங்குகிறவருக்கு மட்டும் தெரியாது.

வீட்டுப் பெண்கள் பெயர் ஊர் ஊராகப் போவதைச் சில குடும்பங்கள் விரும்பாது என்று ஒரு தயக்கம் வரும். மற்ற சாக்குகளைப் போல இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் முடிவு செய்ய வேண்டியது யார்? வியாபாரியா, அதிகாரியா, ஞாயிறு இணைப்பா? நெய்கிறவரைக் கேட்கட்டும். முழுப்பெயர் வேண்டாம் என்றால் முதலெழுத்து. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு பூ, ஒரு புள்ளி, ஓரத்தில் வேறு நிறத்தில் இரண்டே இரண்டு கோரை, அவருக்கும் அவரைத் தேடி வருகிறவருக்கும் மட்டும் புரிகிற மாதிரி. எதுவுமே வேண்டாம் என்று அவரே சொன்னால் அதுவும் சரி. இதுவரைக்கும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பி.கு: கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுக்கிற உத்தேசம் யாருக்காவது இருந்தால், மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி எழுதிக் கொடுக்கிற அதே துண்டுச் சீட்டில் நாலாவதாக ஒரு வரி எழுதலாம்: "நெய்தவர் பெயர், அவர் சம்மதித்தால்." கூடுதலாக ஆகிற நாலைந்து எழுத்துக்கு உண்டான கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.